பூஜ்யத்துக்கு ஒரு வால்

2024 ஜனவரி இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கல்பாத்தி சமூக மடத்தின் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: அன்றைய பாராட்டுக்குரியவரான ஓய்வுபெற்ற சுபேதார் துரைசுவாமி, அவர் மனைவி சேஷம்மாள், துரைசுவாமியின் தம்பி மகளும் பாலக்காட்டுக் கோர்ட்டில் வக்கீலுமான கிருஷ்ணப்ரியா, சமூகத்தின் தலைவர் ஹரிநாராயணன், பாங்கில் வேலை பார்க்கும் ஹரிஷங்கர், படமெடுக்க வந்திருந்த ஜெராக்ஸ் கடை கமால், இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து முந்தின நாளே புறப்பட்டு வந்திருந்த முன்னாள் நாயக் சூசையப்பன். ஆக மொத்தம் ஏழு பேர். நாற்காலி அறுபது போட்டிருந்தது. கொடியேற்றியதும் மற்றவர்கள் இட்டிலிக்குப் போய்விட்டார்கள். 'நானும் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன்' என்று பிற்பாடு சொன்னவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. அவர்கள் அந்த நேரத்தில் கேட்டது இட்டிலிக்கு இன்னொரு கரண்டி சட்னி.

தெருவின் கோயில், மடம், விழாக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் சபைக்குப் பெயர்தான் சமூகம். அதற்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். தேர்தலை நடத்துகிறவருக்கு வரணாதிகாரி என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் துரைசுவாமியைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர். மடத்துச் சுவர்க் கடிகாரத்தை ரேடியோ மணியோடு ஒப்பிட்டுத் தன் கையாலேயே திருத்தி வைப்பார். போன தேர்தலில் ஹரிஷங்கர் தலைவர் பதவிக்கு மனு கொண்டுவந்தபோது ஐந்து மணிக் கெடு தாண்டிப் பதினோரு நிமிஷம். வாளையார் செக்போஸ்டில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹரிஷங்கர் ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தார். துரைசுவாமி அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனுவின் மேல் எழுதினார்: காலம் கடந்தது. நிராகரிக்கப்பட்டது. ஹரிநாராயணன் போட்டியில்லாமல் தலைவரானார்.

பாராட்டுக் கூட்டத்தில் பழைய பட்டாளத்துச் சகா ஒருவர் பேசினால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னவரும் துரைசுவாமிதான். சூசையப்பனுக்கு பஸ் நேரம், இறங்குமிடம் எல்லாம் எழுதிக் கடிதம் போட்டவரும் அவரே. இது முக்கியம். யாரும் அவருக்குக் குழி தோண்டவில்லை.

சூசையப்பன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. ஆனா சாப் பத்திச் சொல்லுதேன். எம்பத்தெட்டுல எங்கம்மா செத்துப் போனா. லீவுல வந்தேன். ஆகஸ்டு பத்தாந்தேதி திரும்பிப் போயிரணும். அந்த வருசம் மழைன்னா மழை, எஸ்டேட்டு ரோடு ரெண்டு எடத்துல இடிஞ்சு போச்சு. பஸ்சு கெடையாது, தந்தி கெடையாது. நடந்தே மலை எறங்கி, ரயிலப் புடிச்சு, பதினாறாந்தேதி போய் ஆபீஸ்ல நிக்கேன். ஆறு நாள் லேட்டு. நாயக் பிரமோசன் போச்சு, சிவப்பு மையில குத்தம்னு எழுதிருவாகன்னே நெனச்சேன்."

துரைசுவாமி நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார்.

"சாப் என்னப் பாத்தாரு. ஒரு வார்த்த கேக்கல. பேனாவ எடுத்தாரு. பத்துல இருக்க பூஜ்யத்துக்கு மேல ஒரு வால் போட்டாரு பாருங்க! பத்து பதினாறாயிருச்சு! ரிஜிஸ்டர்ல ஒரு வாலு, என் லீவுச் சீட்டுல ஒரு வாலு. 'போ, ஷூவத் தொடச்சுட்டு டூட்டிக்கு வா'ன்னாரு. அந்த வாலுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சோறு போடுது. இந்தக் காலத்துல அப்பிடி ஒரு மனுசன் உண்டுமா?"

சூசையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்ட வேண்டிய இடம் என்று நினைத்துக் கமால் ஒரு கையால் தொடையில் தட்டினார். இன்னொரு கையில் செல்போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஹரிநாராயணன் பொன்னாடையைப் பிரித்தவர் மறுபடி மடித்தார்.

அடுத்துப் பேசியவர் ஹரிஷங்கர். எழுந்திருக்கக்கூட இல்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? அந்த வால் போட எத்தனை நேரம் ஆச்சு? பதினோரு நிமிஷம் ஆயிருக்காதே?"

துரைசுவாமியின் தாத்தா போஸ்ட் மாஸ்டர், அப்பா சர்வே ஆபீசில் குமாஸ்தா. அந்த வீட்டு மனிதர்கள் எழுதிய தேதியை யாரும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. அந்தச் சொத்தை ஒரு நன்றியுள்ள மனிதர் மைக் வைத்துக் கரைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடியோ தெருவின் வாட்ஸாப் குழுவில் ஏறிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன் சாரே" என்றார் கமால். அதில் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் துரைசுவாமி கிருஷ்ணப்ரியாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்தபோது அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மேஜை முன் உட்கார்ந்திருந்தார்.

"கொழந்தே, ராணுவச் சட்டத்துல பொய் ரிக்கார்டு எழுதினா என்ன தண்டனை?"

"அம்பத்தேழாம் பிரிவு. பதினாலு வருஷம் வரைக்கும் போடலாம் பெரியப்பா."

உள்ளிருந்து சேஷம்மாள் குரல் வந்தது. "இப்போ எழுபத்தாறு. பதினாலு சேத்தா தொண்ணூறு. சதாபிஷேகத்துக்கு மண்டபம் புக் பண்ண வேண்டாம், ஜெயில்லயே வெச்சுண்டுடலாம். ஹோமம் பண்ண வாத்தியாரை உள்ள விடுவாளோ?"

"நீ சித்த சும்மா இரு." அவர் கிருஷ்ணப்ரியாவிடம் திரும்பினார். "என்னை விசாரிக்கணும்னு நான் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதப் போறேன். குத்தம்னு தீர்மானிச்சு, தண்டனை குடுத்து, முடிச்சுட்டா மானம் திரும்பி வரும். வாட்ஸாப்புல பேசிண்டே இருந்தா வராது."

"பெரியப்பா, அதுக்குக் கெடு முடிஞ்சாச்சு. நூத்திருபத்திரண்டாம் பிரிவு. குத்தம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள விசாரணை தொடங்கணும். இது முப்பத்தஞ்சு வருஷம் கழிஞ்சதாக்கும்."

"கெடுவா? குத்தத்துக்கா? பால் பாக்கெட்டா அது?"

"சட்டம் அப்படித்தான். பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவா, கலகம் பண்ணினவா, கள்ளத்தனமா பட்டாளத்துல சேந்தவா, இவாளுக்குத்தான் கெடு கிடையாது."

"அப்போ நான் ஓடிப்போயிருந்தா இன்னிக்கும் என்னை விசாரிப்பா?"

"அது யுத்த சமயத்துல ஓடினதா, அப்புறம் பட்டாளத்துல எப்படி நடந்துண்டேள்னெல்லாம் பாத்து, விசாரிக்கலாம்."

"ஒரு நாள் லீவு தாண்டாம இருபத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு அந்த மரியாதை கிடையாது?"

கிருஷ்ணப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நல்ல வக்கீலுக்கு உரிய கெட்ட பழக்கத்தால், கட்சிக்காரர் கேட்காத விஷயத்தையும் சொன்னாள். "சில கேஸ்ல, குத்தம் மேலதிகாரிக்குத் தெரியவந்த நாள்லேர்ந்துதான் அந்த மூணு வருஷத்தைக் கணக்குப் பண்ணுவா."

துரைசுவாமியின் முதுகு, ஏற்கெனவே நேராக இருந்தது, இன்னும் நேரானது. "மேலதிகாரிக்கு இது வரைக்கும் தெரியாதே! நான் எழுதினாத்தானே தெரியும்!"

"பெரியப்பா, இருங்கோ, அடுத்த பிரிவு ஒண்ணு..."

அவர் அதற்குள் எழுந்து பேனாவைத் தேடப் போய்விட்டார். வாழ்நாளில் அவர் ஒரு ரூலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

கடிதம் நான்கு பக்கம். வருஷம், தேதி, ரிஜிஸ்டரின் பெயர், எந்த மை, வால் எந்தப் பக்கம் வளைந்தது, எல்லாம் இருந்தது. சிப்பாய் தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதி அடிக்கோடிட்டார். கிருஷ்ணப்ரியா படித்துப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. செஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு ஒரு வரி இல்லையே?"

"இல்லை."

"ஏன்?"

துரைசுவாமி பேனாவை மூடினார். முட்டி வரை சேறு காய்ந்த ஒரு சிப்பாய் ஆபீஸ் வாசலில் விறைப்பாக நின்றதும், மொட்டையடித்த தலையில் அரை அங்குலம் முடி முளைத்திருந்ததும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

"பொய் எழுதினா அது ரெண்டாவது குத்தம்."

பதிவுத் தபாலில் கடிதம் போன நாளிலிருந்து துரைசுவாமி தன்னைத் தானே கைது செய்துகொண்டார். பட்டாளத்தில் அதற்கு ஓப்பன் அரெஸ்ட் என்று பெயர். விசாரணைக்குக் காத்திருப்பவன் லாக்கப்பில் இருக்க வேண்டாம், ஆனால் குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது. தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து ஆற்றங்கரைப் படி வரை என்று எல்லையை அவரே நிர்ணயித்துக்கொண்டார். காய்கறிக் கடை எல்லைக்கு நாற்பதடி வெளியே இருந்ததால், அந்த மாதங்களில் சேஷம்மாள்தான் பை தூக்கினாள்.

மார்ச்சில் சேஷம்மாளின் அண்ணா பேத்தி ராஜஸ்ரீக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம்.

"வாளையார் தாண்டறதுக்கு நான் யார்கிட்ட பர்மிஷன் கேக்கறது?" என்றார் துரைசுவாமி.

"என்கிட்ட கேளுங்கோ. குடுத்தேன். கெளம்புங்கோ."

"உனக்கு அதிகாரம் கிடையாது."

"அம்பது வருஷமா இது தெரியாம குடித்தனம் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சேஷம்மாள் கிருஷ்ணப்ரியாவோடு பஸ் ஏறினாள். கல்யாண வீட்டில் 'அத்திம்பேர் எங்கே?' என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், முகத்தை மாற்றாமல், "அரெஸ்ட்ல இருக்கார்" என்றாள். சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் போனில் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் ஜாமீனுக்கு ஆள் இருக்கிறது என்றார்.

சூசையப்பனும் போன் செய்தார். "சாப், நான் தப்பாப் பேசிட்டனாமே. எம் மக சத்தம் போடுதா. கேசுன்னா நானும் வாரேன். ஜெயில்ல ரெண்டு பேரும் ஒரே பேரக்ல இருந்துக்கிடுவம்."

"நீ பேசினது உண்மை. உண்மையைப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்காதே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறயா?"

"சாப்பிடுதேன் சாப்."

மே மாதம் பதினான்காம் தேதி பதில் வந்தது. ஒரே பக்கம், நான்கு பத்தி. முதல் பத்தி: கடிதம் கிடைத்தது. இரண்டாவது: தாங்கள் 1996 ஆகஸ்டு 31 அன்று ஓய்வு பெற்றீர்கள், ராணுவச் சட்டத்தின் நூற்றிருபத்து மூன்றாம் பிரிவுப்படி, சேவையிலிருந்து நீங்கியவர் மேல் இத்தகைய குற்றத்துக்கு மூன்று வருஷத்துக்குள் விசாரணை தொடங்கியிருக்க வேண்டும், எனவே மேல்நடவடிக்கை இல்லை. மூன்றாவது: தாங்கள் குறிப்பிடும் லீவு ரிஜிஸ்டர், பாதுகாக்க வேண்டிய காலம் முடிந்தபடியால் அழிக்கப்பட்டுவிட்டது. நான்காவது: தங்கள் ஓய்வுக்காலம் இனிதே அமைய வாழ்த்துகள்.

துரைசுவாமியை எரித்தது நான்காவது பத்தி. குற்றவாளிக்கு வாழ்த்து சொல்லும் பட்டாளத்தில் அவர் வேலை பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"இந்தப் பிரிவைத்தான் பெரியப்பா அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"சொல்லி நிறுத்தியிருக்கணும் நீ."

"நீங்க நிக்கலையே!"

கடிதத்தை மூன்று பிரதி எடுக்கக் கமால் கடைக்கு அனுப்பியது அடுத்த தவறு. கமால் இங்கிலீஷைக் கூட்டிப் படித்து, 'மேல்நடவடிக்கை இல்லை' என்ற இடத்தில் நிறுத்தி, கடையை மகள் ஹஸ்னாவிடம் விட்டுவிட்டுத் தெருவுக்குள் ஓடி வந்தார். "சாரே, ஜெயிச்சுட்டீங்க! கேஸ் தள்ளுபடி ஆயிருச்சு! பட்டாளமே சொல்லிருச்சு, சார் மேல ஒண்ணும் இல்லைன்னு!" அரை மணி நேரத்தில் ஹரிநாராயணன் மாலையோடு வந்து நின்றார். சேஷம்மாள் பால் பாயசத்துக்கு அடுப்பை மூட்டினாள். தெரு முழுவதும் சந்தோஷப்பட்டது. துரைசுவாமி மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கி, மடித்து, நாற்காலிமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஹரிஷங்கர் வீட்டுக்கு நடந்தார்.

ஹரிஷங்கர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார். "வாங்கோ மாமா. கங்கிராஜுலேஷன்ஸ்."

"அதுக்கு வரலை. பட்டாளம் என்னை விசாரிக்க மாட்டேங்கறது. சமூகம் விசாரிக்கலாம். வரணாதிகாரி யோக்யன் இல்லைன்னு நீ எழுத்து மூலமாப் புகார் குடு. நானே ஒப்புத்துக்கறேன். உனக்குச் செலவு ஒரு காயிதம்."

ஹரிஷங்கர் மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். சமூகத்தின் சட்டதிட்டங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் துரைசுவாமி கைப்பட எழுதி, கமால் கடையில் பைண்டு செய்தது.

"பதினேழாவது விதி. வாசிக்கட்டுமா? 'பதவியில் இருப்பவர் மேல் உள்ள புகார், விஷயம் வெளியான முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தரப்பட வேண்டும். பிந்தி வரும் புகார் ஏற்கப்படாது.' விஷயம் ஜனவரி இருபத்தாறு வெளியாச்சு. இன்னிக்கு மே பதினாலு. மாமா, நான் இன்னொரு தடவை லேட்டா வந்து உங்க கையால நிராகரிப்பு வாங்கிக்கணுமாக்கும்?"

"அந்த முப்பது நாள்ல ஏன் குடுக்கலை?"

"குடுத்திருந்தா நீங்க இறங்கிப் போயிருப்பேள். எனக்கு அது வேண்டாம். நீங்க அந்த நாற்காலிலயே இருக்கணும். ஒவ்வொரு தடவை நீங்க கடிகாரத்தைப் பாக்கறச்சயும் நான் உங்களைப் பாப்பேன். காபி குடிக்கறேளா?"

"வேண்டாம்."

"மதுரம் கம்மியா..."

"வேண்டாம்னேன்."

ராஜினாமா செய்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விசாரணைக்கு முன் ராஜினாமா செய்தால் பயந்து ஓடினான் என்று ஆகும். விசாரணையும் கிடையாது என்றால் ராஜினாமா செய்யவே வழியில்லை. துரைசுவாமி அன்றிரவு இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தும் வேறு முடிவு வரவில்லை.

ஜூன் பதினைந்து, அந்த வருஷத் தேர்தலுக்கு மனுக் கொடுக்கும் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரை. ஹரிஷங்கர் நாலே காலுக்கே வந்து தலைவர் பதவிக்கு மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்து அடித்தது. துரைசுவாமி புத்தகத்தில் கோடு போட்டார்.

ஐந்து மூன்றுக்கு ஹரிநாராயணன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஒரு கையில் மனு. இன்னொரு கையில் பிரவுன் பேப்பர் சுற்றிய சதுரமான ஒரு பொட்டலம்.

"துரை, கோவிச்சுக்காதே. உனக்காகத்தான் லேட்டாச்சு." அவர் பேப்பரைக் கிழித்தார். கண்ணாடி போட்ட பிரேமுக்குள் ரிக்கார்டு ஆபீஸ் கடிதம் இருந்தது. "மடத்துல மாட்டலாம்னு கமால்கிட்ட குடுத்திருந்தேன். கண்ணாடி வெட்டிண்டே இருந்தான். சாரமில்லை, போனாப் போறது, மூணு நிமிஷம்தானே?"

துரைசுவாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஹரிஷங்கர் துரைசுவாமியைப் பார்த்தார். ஹரிநாராயணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுபத்திரண்டு வயது மனிதர் கடையிலிருந்து ஓடியே வந்திருந்தார். செருப்பில் சேறு. ஜூன் மழை அன்று மத்தியானம் பெய்திருந்தது.

பேனாவைத் திறந்த துரைசுவாமி அதை ரொம்ப நேரம் காகிதத்தில் வைக்கவில்லை. பிறகு எழுதினார்: காலம் கடந்தது. நிராகரிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டு, நேரத்தைக் குறித்தார். 5-03. அந்தப் பூஜ்யத்தை மிகவும் வட்டமாக, எந்தப் பக்கமும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காமல் எழுதினார்.

"ஓய், நானாக்கும்! மாலை போட்டவன்!" என்றார் ஹரிநாராயணன்.

"தெரியும்."

ஹரிஷங்கர் போட்டியில்லாமல் தலைவரானார். வெளியே போகும்போது அவர் துரைசுவாமியிடம், "இப்போ நீங்க பழைய மாமா" என்று சொன்னார். அது பாராட்டா என்று துரைசுவாமிக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சூசையப்பனுக்குப் போன் போட்டு, மாத்திரை சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். ஹரிநாராயணன் விட்டெறிந்துவிட்டுப் போன பிரேமை மடத்தில் மாட்டத் துரைசுவாமி சம்மதிக்கவில்லை. அது அவர் வீட்டு அலமாரியின் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

கல்பாத்தியில் இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. ராணுவக் கோர்ட்டு துரைசுவாமியை விசாரித்து, குற்றமற்றவர் என்று விடுதலை செய்துவிட்டதாம். அந்தத் தீர்ப்பைத்தான் பிரேம் போட்டு வைத்திருக்கிறாராம். அது தவறு. கோர்ட்டு கூடவில்லை. யாரும் அவரை விசாரிக்கவில்லை, விடுதலையும் செய்யவில்லை. பிரேமில் இருப்பது, நேரம் கடந்துவிட்டது என்று சொல்லும் ஒரு கடிதம்.